சிவப்புப் புள்ளியை எண்ணும் பிள்ளைகள்

மாடிப்படிக்கு அடியில் சுவரோடு ஒட்டி ஒரு மரப்பெட்டி. கொண்டி துருப்பிடித்துக் கதவு ஒரு பக்கமாகத் தொங்குகிறது. உள்ளே ஒட்டடை, காய்ந்துபோன குளவிக்கூடு, நடுவில் மின்வாரியத்தின் மீட்டர். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் பழைய கட்டடம் அது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் அந்தப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்தார்கள். ஒருத்தி கையில் கணக்கு நோட்டு. ஒருவன் கையில் தலைமையாசிரியரிடம் வாங்கிய கைக்கடிகாரம்.

மீட்டரின் முகப்பில் மிளகளவு சிவப்பு விளக்கு ஒன்று மின்னி மின்னி அணைந்தது. “கண்ணடிக்குது சார்” என்றான் கடிகாரக்காரன். பக்கத்திலேயே 3200 என்று அச்சடித்திருக்கிறது. அந்த விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும்; மும்முனை இணைப்பில் வேறாக இருக்கும். எண் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு வகுப்பறையின் இணைப்பைத் தவிர மற்ற அறைகளின் இணைப்பை எல்லாம் மெயின் பலகையிலேயே துண்டித்துவிட்டு, அந்த வகுப்பறையில் ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் போடச் சொன்னோம். ஒரு நிமிடம் எண்ணினார்கள். நாலு. நம்பிக்கை வராமல் இன்னொருத்தி எண்ணினாள். நாலுதான். நிமிடத்துக்கு நாலு என்றால் மணிக்கு 240. 3200ஐ 240ஆல் வகுத்தால் பதிமூன்று மணி இருபது நிமிடம். அந்த ஃபேன் ஒரு யூனிட் மின்சாரம் தின்ன அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி; அப்படியென்றால் அந்த ஃபேன் 75 வாட். விடையைச் சரிபார்க்க ஃபேனை நிறுத்திவிட்டு ஒருவன் மேசைமேல் ஏறி, மோட்டாரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் தூசியைச் சட்டை நுனியால் துடைத்தான். 75 வாட் என்றே இருந்தது. அடுத்து அந்த வகுப்பறையின் நாலு ஃபேன், நாலு டியூப்லைட் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டோம். இந்த முறை நிமிடத்துக்கு இருபத்தாறா இருபத்தேழா என்று சண்டையே வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தில்தான் கிலோவாட் மணி என்ற சொல் முறையாக வருகிறது. இந்தப் பிள்ளைகள் அதைப் படிக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் அது அரைமணி நேரத்தில் புரிந்துவிட்டது.

அந்தப் பள்ளியின் மதில் சுவருக்கு அப்பால் தொழிற்பேட்டை. 1964இல் தொடங்கியது. லேத், பிரஸ், மோல்டிங், முலாம் பூசும் பட்டறை என்று சிறுதொழில் கூடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்களோ அம்மாக்களோ அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். பட்டறைக்காரர்களுக்கு மின்சாரம் என்பது மூலப்பொருள் மாதிரி. மாதா மாதம் ரீடிங்கை எழுதிவைப்பார்கள். பவர் ஃபேக்டர் இறங்கினால் கட்டணத்தோடு அபராதமும் சேரும் என்பதால் கெபாசிட்டர் வாங்கிப் போடுவார்கள். கம்ப்ரஸர் குழாயில் காற்றுக் கசிந்தால் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிப்பார்கள். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில் ஷிப்டை மாற்றி மாற்றிப் பிழைத்தவர்கள் அவர்கள். ஒரு யூனிட்டின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

சுவருக்கு இந்தப் பக்கம், போன தடவை எத்தனை யூனிட் வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இதை ஆசிரியர்களின் குறையாக நான் சொல்லவில்லை. அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் அந்த எண் இல்லை. வீட்டில் ரீடிங் எடுக்க வருகிறவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார், நாமும் எட்டிப் பார்த்து, “என்ன இவ்ளோ வந்திருக்கு?” என்று வீட்டாரைக் கேட்போம். பள்ளிக்கூடத்தில் அப்படிக் கேட்க யாரும் இல்லை. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிர்வாகம். கட்டணம் போகும் கணக்கும் வேறு. இந்த மேற்குப் பகுதியில் அந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அம்பத்தூர் நகராட்சியாக இருந்து 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. அதைச் சுற்றி ஊராட்சிகள். ஒரே பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் நாலு வகை நிர்வாகத்தின் பள்ளிகளைக் கடந்துவிடலாம்.

இதற்குள் பள்ளிக்கூடத்தின் மின்சாரப் பசியும் வளர்ந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு வகுப்புக்கு இரண்டு டியூப்லைட், ஒன்றிரண்டு ஃபேன். இன்று ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு, கண்காணிப்பு கேமரா, ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம், யு.பி.எஸ். எல்லாமே பிள்ளைகளுக்கு வேண்டியவை. வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் மதியம் இரண்டு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு கணக்குப் பாடம் கேட்டவன் நான். நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் ஃபேன் கிடையாது. வியர்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து “ஃபேனை நிறுத்து, மின்சாரம் மிச்சம்” என்று சொல்வது சிக்கனம் ஆகாது. அது கொடுமை. யாருக்கும் காற்றும் தராமல் வெளிச்சமும் தராமல் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைப் பிடிப்பதுதான் சிக்கனம். பள்ளிக்கூடங்களில் அது ஏராளமாக இருக்கிறது. பிடிக்கப் பெரிய செலவும் இல்லை.

ஃபேன் என்ற பெரிய கணக்கு

பள்ளியின் மின்சாரத்தில் பெரும்பங்கு ஃபேனுக்குத்தான் போகிறது. ஆண்டுக்கு 220 வேலை நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்று வைத்தால் 1,540 மணி நேரம். 75 வாட் ஃபேன் ஒன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 115 யூனிட் எடுக்கும். வகுப்புக்கு நாலு ஃபேன், பன்னிரண்டு வகுப்பு என்றால் 48 ஃபேன். ஃபேனுக்கு மட்டும் 5,500 யூனிட்.

கோவையில் இருக்கும் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012இலேயே 35 வாட்டில் ஓடும் ‘சூப்பர்ஃபேன்’ என்ற பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி நம் ஊர்க்காரர்கள்தான். இன்று பல நிறுவனங்கள் 28 முதல் 35 வாட்டுக்குள் செய்கின்றன. 30 வாட் ஃபேன் அதே 1,540 மணி நேரத்துக்கு 46 யூனிட்தான் எடுக்கும். ஒரு ஃபேனுக்கு ஆண்டுக்கு 70 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 490 ரூபாய்.

உடனே 48 ஃபேனையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமா? வேண்டாம் என்பதே என் பதில். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 2,500, 3,000 ரூபாய் ஆகிறது. வீட்டில் ஃபேன் ராத்திரி பகலாக ஓடும், போட்ட காசு சீக்கிரம் திரும்பும். பள்ளியில் ஓடுவது ஏழு மணி நேரம், அதுவும் 220 நாள். முழு விலையும் திரும்ப ஐந்தாறு வருடம் ஆகும். நல்லபடி ஓடும் ஃபேனை ஓடவிடுங்கள். ஆனால் அது எரிந்துபோகும் நாளில்தான் முடிவு எடுக்க வேண்டும். இப்போது என்ன செய்கிறோம்? வைண்டிங் கடைக்கு அனுப்புகிறோம். அவசரத்தில் சுற்றிய காயிலோடு திரும்பி வரும் ஃபேன் முன்னைவிடச் சூடாகும், முன்னைவிட அதிக மின்சாரம் இழுக்கும், காற்று குறைவாகத் தரும். அந்த நாளில் சாதாரண ஃபேன் வாங்குவதற்குப் பதில் பி.எல்.டி.சி. வாங்கினால் கூடுதல் செலவு ஆயிரத்துச் சொச்சம்தான். அது இரண்டரை வருடத்தில் திரும்பிவிடும். ‘எரிந்தால் வைண்டிங் இல்லை, பி.எல்.டி.சி.’ என்று பள்ளி மேலாண்மைக் குழு ஒரு வரித் தீர்மானம் போட்டால் போதும். பத்து வருடத்தில் பள்ளியே மாறியிருக்கும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த ஃபேன்கள் பெரும்பாலும் ரிமோட்டோடு வருகின்றன. வகுப்பறையில் ரிமோட் ஒரு வாரம் தங்காது. ரிமோட் இல்லாமல் சுவரிலிருந்தே வேகத்தை மாற்றும் வகைகளும் வந்துவிட்டன, அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய டப்பா ரெகுலேட்டரோடு மட்டும் இணைத்துவிடக் கூடாது.

அந்த டப்பா ரெகுலேட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு அரைமணி கழித்து அதன் மேல் கை வைத்துப் பாருங்கள், சுடும். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பகுதி அங்கே சூடாகக் கரைகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த நஷ்டம் மிகக் குறைவு. விலை சில நூறு ரூபாய்.

அதைவிட மலிவானவையும் உண்டு. ‘இந்த ஃபேன் சுத்துது, ஆனா காத்தே வரல’ என்று எல்லாப் பள்ளியிலும் ஒரு மூலையில் ஒரு ஃபேன் இருக்கும். பெரும்பாலும் அதன் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சோர்ந்துபோயிருக்கும். நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஓர் அப்பா சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மாற்றிவிடுவார். மின்வேலை தெரிந்தவர்தான் தொட வேண்டும், மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இன்னொன்று, இறக்கையின் முன் விளிம்பில் கரும்பட்டையாகப் படியும் தூசி. லாரிகள் ஓயாமல் போகும் அம்பத்தூரிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்திலும் மூன்று மாதத்தில் அது விரற்கடை கனத்துக்கு ஏறிவிடும். துடைத்தால் அதே மின்சாரத்தில் நல்ல காற்று வரும்.

பிறகு சுவிட்ச் போர்டு. எட்டு சுவிட்ச், எதற்கு எது என்று எழுதியிருக்காது. ஆசிரியர் உள்ளே வந்ததும் உள்ளங்கையால் எட்டையும் ஒன்றாகத் தட்டிப் போடுவார். பாதிப் பெஞ்சுகள் காலியாக இருந்தாலும் எல்லாம் சுற்றும், பட்டப்பகலில் எல்லாம் எரியும். நான் போன பள்ளியில் ஒரு பெண் பிள்ளை வீட்டிலிருந்து நெயில் பாலிஷ் கொண்டுவந்திருந்தாள். ஜன்னல் ஓர விளக்கின் சுவிட்சுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, நடு வரிசைக்கு இரண்டு, கரும்பலகை விளக்குக்கு மூன்று. அதற்கு நேரான ஃபேன், விளக்கின் அடியிலும் அதே புள்ளிகள். இப்போது கடைசிப் பெஞ்சுப் பையன்கூடச் சரியான சுவிட்சை அணைக்கிறான். இதற்கு ஆன செலவு, பாதி தீர்ந்த ஒரு நெயில் பாலிஷ் புட்டி.

மொட்டைமாடியில் இருக்கிறது வெயில்

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது. ஆகஸ்ட் பள்ளி நடக்கும் மாதம். கொடிக்கம்பத்தின் அடியில் நின்று பிள்ளைகள் அதைப் பார்க்கலாம். பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும்: இந்த ஊரில் வெயிலை வாங்குவது முதலில் கூரை, அதற்குப் பிறகுதான் சுவர்.

பழைய கட்டடக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. உயரமான கூரை, அதற்குக் கீழே வெண்டிலேட்டர், மேலே நாட்டு ஓடு அல்லது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடித்து இறுக்கித் தட்டோடு பதித்த மாடி. இன்றைய கட்டடங்கள் பலவற்றில் தாழ்ந்த கான்கிரீட் தளம். மேலே பதித்த பூச்சும் பெயர்ந்துபோய்க் கறுத்துக் கிடக்கும். காலையில் வாங்கிய வெயிலை அது மதியம் வகுப்புக்குள் இறக்குகிறது. மாடி வகுப்பில் ஃபேனைப் போட்டால் மேலே தேங்கிய அனல்தான் கீழே வருகிறது. ‘ஃபேன் போட்டா இன்னும் சுடுது மிஸ்’ என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை.

இதற்கு வெள்ளை அடிப்பதைவிட மலிவான மருந்து கிடையாது. வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக அடித்த வெள்ளை முக்கால் பங்கை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடும். வகுப்புக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறைய வாய்ப்புண்டு. அகமதாபாத் மாநகராட்சி 2017இல் ஏழை வீடுகளின் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 200 பசுமைப் பள்ளிகளில் குளிர் கூரைத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. அதை முன்னின்று நடத்திய சுற்றுச்சூழல் துறைச் செயலர் சுப்ரியா சாகு 2025இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ‘பூமியின் காவலர்’ விருது பெற்றபோது இந்தப் பள்ளிக் கூரைகளும் பேசப்பட்டன.

200 பள்ளி நல்ல தொடக்கம். மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் முப்பதாயிரத்துக்கும் மேல். மீதிப் பள்ளிகள் திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கட்சி. சுட்ட சுண்ணாம்பை முந்தின நாளே நீற்றி, வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து, பங்குனி முடிவதற்குள் இரண்டு கை அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் மாடியைத் தேய்த்துப் பெருக்கி, பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளுப்புப் போய்விடும். அம்பத்தூர்த் தூசி வேறு படியும். ஆண்டுதோறும் அடிக்கத்தான் வேண்டும். கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பெயின்ட் விலை கூடுதல், சில வருடம் தாங்கும். எதை அடித்தாலும் பிள்ளைகளை மாடியில் ஏற்றக் கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிகள் நம் பள்ளிகளில் நிறைய இருக்கின்றன.

மேற்குச் சுவர் வேறு கதை. அதற்கு மரம்தான் தீர்வு. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைச் சுருட்டிப் போட்டபோது நிழலையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு மறு வருடம் மேற்குப் பக்கமாகப் புங்கங்கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றிய பள்ளிகளில் இன்று மூன்று மணி வெயில் ஜன்னலுக்கு வருவதில்லை. நடாத பள்ளிகளில் பிள்ளைகள் இன்றும் பெஞ்சை நகர்த்திக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

தண்ணீர்த் தொட்டி, டியூப்லைட், அடுப்பு

ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். சுவிட்சைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போன ஆயாம்மா திரும்புவதற்குள் தினமும் அரைமணி நேரம் தொட்டி வழிகிறது என்று வையுங்கள். 220 நாளில் 110 யூனிட். ஒரு வகுப்பறை ஃபேன் ஆண்டு முழுக்க எடுக்கும் மின்சாரத்துக்கு ஏறக்குறைய சமம். தண்ணீர் வீணாவது தனி. சில நூறு ரூபாய்க்கு மிதவை சுவிட்ச் கிடைக்கிறது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் பத்து ரூபாய்.

டியூப்லைட் விஷயத்தை எல்லோரும் அறிவார்கள். பழைய 40 வாட் குழலும் அதன் சோக்கும் சேர்ந்து 50 வாட்டைத் தாண்டும், எல்.இ.டி. குழல் 20 வாட்டில் அதே வெளிச்சம் தரும். 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தபிறகு எல்.இ.டி. விலை சரிந்து சாமானியர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து பாருங்கள். கொசு, தூசி, மைதானத்துப் பந்து என்று ஒவ்வொரு காரணத்தால் நிரந்தரமாகச் சாத்திக் கிடக்கும் ஜன்னல்கள் எத்தனை! முப்பது ரூபாய் கொசுவலையும் ஒரு கைப்பிடி ஆணியும் பகலில் நாலு விளக்கை அணைத்துவிடும். உள்சுவரில் கரும்பச்சைக்குப் பதில் வெளிர் நிறம் அடித்தால் ஐந்தாவது விளக்கும் வேண்டியதில்லை.

சத்துணவுக் கூடத்தில் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைப்பதும், கொதி வந்ததும் மூடிபோட்டு அடுப்பைத் தணிப்பதும் சமையலம்மாக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்களுக்குச் சரியான அளவில் மூடி வாங்கிக் கொடுத்தாலே போதும். லேபில் ஏ.சி. இருந்தால் 24இல் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரம் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் செயலகம்.

சூரியத் தகடு பற்றிக் கேட்கிறார்கள். வரட்டும், நல்லது. ஆனால் அது இரண்டாவது வேலை. கசிவை அடைக்காமல் தகடு மாட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

மிச்சம் யாருக்கு?

இவ்வளவு எளிது என்றால் ஏன் நடக்கவில்லை? என் பதில் இதுதான்: மிச்சம் பிடிப்பவர் கைக்கு மிச்சம் வருவதில்லை.

சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு மானியம் உண்டு. 100 முதல் 250 பிள்ளைகள் வரை 50,000 ரூபாய், 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சுண்ணக்கட்டி, விளையாட்டுப் பொருள், ஆய்வகச் செலவு, இணையம், மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் இதிலிருந்து எடுக்கலாம் என்கிறது விதி. மின்சாரமும் கால்பந்தும் ஒரே உண்டியலில் இருந்து வரக்கூடியவை. 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்து, அது உச்ச நீதிமன்றம் வரை வழக்காகப் போனபோது அந்த உண்டியல் எவ்வளவு மெலிந்தது என்பதைப் பள்ளிகள் அறியும். ஆனாலும் நடைமுறையில் மின்கட்டணம் மேலிடத்துச் செலவாகவே பார்க்கப்படுகிறது. ஒரு தலைமையாசிரியர் பாடுபட்டு ஆயிரம் யூனிட் குறைத்தால் அவருடைய பள்ளிக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம் 1994இல் இதற்கு ஒரு வழி கண்டது. பேரே ‘பாதிக்குப் பாதி’. பிள்ளைகளும் ஆசிரியர்களும் பழக்கத்தை மாற்றி மின்சாரம், வெப்பமூட்டும் செலவு இவற்றில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார்களோ அதில் பாதி நகராட்சிக்கு, பாதி பள்ளிக்கு. பள்ளி அந்தப் பணத்தைத் தன் விருப்பப்படி செலவழிக்கலாம். ஜெர்மனியின் மற்ற நகரங்களும் பிறகு ஸ்பெயின், இத்தாலி, போலந்து போன்ற நாடுகளும் இதைப் பின்பற்றின. அங்கே குளிருக்கு மூட்டும் அடுப்பு, இங்கே வெயிலுக்குச் சுற்றும் ஃபேன். சூத்திரம் ஒன்றுதான்.

இதைத் தமிழ்நாட்டில் செய்யலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஐம்பது பள்ளிகளை எடுத்துத் தொடங்கலாம். ஒரே ஓர் அரசாணை போதும்: கடந்த மூன்று ஆண்டு சராசரி யூனிட்டைவிடக் குறைந்ததில் பாதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்குக்கு.

அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பாதி ஃபேன் ஓடாத பள்ளியில் யூனிட் தானாகவே குறைவாக இருக்கும். அதைச் சிக்கனம் என்று பாராட்டினால், பழுதுபார்க்காமல் விட்டவருக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். அதனால் முதல் வருடம் பழுது நீக்குவதற்கு. எல்லா ஃபேனும் ஓட வேண்டும், எல்லா ஜன்னலும் திறக்க வேண்டும், கூரை வெளுக்க வேண்டும். அதன் பிறகுதான் கணக்கு தொடங்க வேண்டும். முதல் வருடச் செலவுக்கு வழி உண்டு. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ அமைப்பின் மூலம் நிறுவனங்கள் அரசுப் பள்ளிக்கு நன்கொடை தரலாம். சுற்றிலும் இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும் வட்டாரம் இது. பணத்தைவிடவும் அவர்களிடம் நான் கேட்பது ஆளை: ஆளுக்கொரு எலக்ட்ரீஷியன், வருடத்துக்கு நாலு சனிக்கிழமை.

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். 2005 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடு முழுக்க ஓவியப் போட்டி நடக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் பல்பையும் பூமியையும் வரைந்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம், வரைந்த பிள்ளைகளைத் தங்கள் பள்ளியின் மீட்டர் பெட்டிக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும். அன்றைய ரீடிங்கைத் திருக்குறளுக்கும் வருகைப் பதிவுக்கும் பக்கத்தில் தகவல் பலகையில் எழுதவைக்க வேண்டும். மறுநாளும், அதற்கு மறுநாளும் எழுத வேண்டும்.

மாலை நாலு இருபது. நீள மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வகுப்புகள் காலி. ஆயாம்மா ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு வந்தார். பெரிய பிள்ளைகள் ஒரு சுற்றுப் போய் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆறு பேரும் மீட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அது நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மினுக்கு. இன்னொரு அரை நிமிடம் கழித்து மறுபடி ஒன்று.

“இன்னும் கண்ணடிக்குது சார்.”

நோட்டுக்காரி கணக்குப் போட்டாள். நிமிடத்துக்கு இரண்டு, மணிக்கு 120. முப்பத்தேழரை வாட். “ஃபேன்ல பாதி சார். எங்கயோ ஓடுது.” ஆயாம்மாவிடம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஒன்றாவது வகுப்பு, இல்லை. ஆசிரியர் அறை, இல்லை. கழிவறை, இல்லை. கடைசியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்திருக்கும் பொருளறை. பெஞ்சுகளுக்குப் பின்னால், மேலே, ஒரு டியூப்லைட். எரியவில்லை. ஆனால் அதன் இரண்டு முனையும் தணல் மாதிரிச் சிவந்திருந்தன. என்றைக்கோ யாரோ சுவிட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டு குழல் எரியவில்லை. விளக்குப் போய்விட்டது என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ.

கடிகாரக்காரன் பெஞ்சுக்கு இடையில் கையை நீட்டி சுவிட்சைத் தட்டினான். சிவப்பு மெல்ல மங்கியது. மாடிப்படி அடியிலிருந்து ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு நோட்டுக்காரியின் குரல் வந்தது.

“நின்னுடுச்சு!”